தேடினால் வரும் பக்கம்

அன்று பொள்ளாச்சியில், உரக்கடைக்கு மேல் மாடியில், அந்த அறையில் இருந்தவர்கள் நால்வர்: வழக்கறிஞர் ஆறுச்சாமி, அவரிடம் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருந்து, ஐம்பதைத் தாண்டிய பிறகு கணினி பழகி, இரண்டு விரல்களால் மட்டும் தட்டச்சு செய்கிற ஷாஜகான், மனுதாரர் மரகதவல்லி, மரகதவல்லி சுவிட்சைப் போட்டதால் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கம்பத்தில் உயிர்விட்ட வயர்மேன் அங்கமுத்துவின் தங்கை மல்லீஸ்வரி. சன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கக் கம்பத்தில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி ஒரு லைன்மேன் நின்றிருந்தார். அவரை இந்த நால்வரோடு சேர்ப்பது முறையாகாது, ஏனெனில் அவர் இவர்களைப் பார்க்கவில்லை. மரகதவல்லிதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தபின்னும் பார்த்தாள். மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இராது. மேசைக்கடியில் யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு கணினி, ஒரு மின்விசிறி, வயதான பேட்டரி, நாற்பது நிமிடம் தாங்கும் என்று உள்ளே நுழைந்த கணமே அவள் மதிப்பிட்டிருந்தாள். அதில் பதினைந்து நிமிடம் போய்விட்டது. அந்த லைன்மேன் எர்த் ராடை மாட்டினாரா? கம்பியைத் தரையோடு இணைக்கும் அந்தத் தடி இங்கிருந்து தெரியவில்லை, வேப்பங்கிளை மறைத்தது. அவருடைய எல்.சி. எவர் கையில் இருக்கிறது? எல்.சி. என்பது ஒரு சீட்டு, அவ்வளவுதான். தன் மாணவர்களுக்கு முதல் நாள் முதல் மணியில் அவள் சொல்லித் தருவது அதைத்தான். கம்பத்தில் ஏறப் போகிறவன் துணை மின்நிலையத்தில் கையெழுத்திட்டு வாங்குவது. வாங்கிய பின் அந்த வழியில் மின்சாரம் செல்லாது. வேலை முடிந்து இறங்கிவந்து, வாங்கிய அதே ஆள் அதே கையால் கையெழுத்திட்டுத் திருப்பித் தரும்வரை, பெற்ற அப்பனே வந்து சொன்னாலும் சுவிட்சைத் தொடக் கூடாது. பதினோரு ஆண்டுகளாக இந்த வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொல்லிவருகிறாள். எந்த மாணவனும் இதுவரை, டீச்சர், உங்களுக்கு இது எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே ஒரு வேடிக்கையான கேள்வி.

இனிக் கேட்பார்கள், அதனால்தான் இங்கே வந்திருக்கிறாள். வயர்மேன் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த நிலையத்தை ஓர் அறக்கட்டளை வாங்கியிருக்கிறது. ஆசிரியர்கள் அனைவருடைய பெயர்களையும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, இவர்கள் யார், இதற்கு முன் என்ன செய்தார்கள் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது. மாதக் கடைசியில் அறிக்கை வரும். பெரிய துப்பறியும் வேலை ஒன்றும் தேவையில்லை. அவள் பெயரையும் ஊரையும் தட்டினால் போதும், முதலாவதாக வந்து நிற்கும். அவளே அதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவன் கைப்பேசியில் இணையம் பார்க்கக் கற்றுக்கொடுத்த வாரத்தில், செத்த கம்பி என்று நம்புகிற கம்பியையும் தொடுவதற்கு முன் டெஸ்டர் வைத்துப் பார்க்கிற பழக்கத்தால், தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். டெஸ்டர் எரிந்தது. ஒரு நாளிதழின் பழைய மாவட்டச் செய்தி, பதினோரு வரி. யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து பழைய தாள்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார். அந்த மனிதரைப் பற்றி அவளுக்கு இன்றும் ஆவல் உண்டு. அவர் ஏற்றும்போது படித்தாரா? பதினோரு வரியையும் படித்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனாரா? அவள் அப்போது வேலை பார்த்த நூற்பாலை மூடிவிட்டது, இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, ஃபோர்மேன் இராசப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்குக் கட்டு எந்த நீதிமன்றக் கிடங்கில் கறையான் புற்றாகக் கிடக்கிறதோ. அந்தப் பதினோரு வரி மட்டும் பிழைத்துக்கொண்டது. அதை எடுக்க ஒரு மனு. மனுவுக்குத் துணையாக, இறந்தவர் குடும்பத்தின் சம்மதக் கடிதம். "நீதிபதி கேக்கற முதல் கேள்வியே அதாத்தான் இருக்கும் டீச்சர்" என்று ஆறுச்சாமி போன வாரமே சொல்லிவிட்டார். "அந்தக் கடுதாசி இருந்தா மாசக் கடைசிக்குள்ள இடைக்கால உத்தரவு வாங்கிக் குடுக்கறது என் பொறுப்பு. அது இல்லீன்னா மனுப் போடறதும் ஒண்ணு, போடாம இருக்கறதும் ஒண்ணு." அந்த வகுப்பறை போனால் வேறு வகுப்பறை இல்லை. சிறைக்குச் சென்று வந்தவளை, அதுவும் இதற்காகச் சென்று வந்தவளை, கம்பத்தில் ஏறும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்த எவர் வைத்துக்கொள்வார்? அவளே நிர்வாகியாக இருந்தாலும் வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த நேர்மை அவளிடம் உண்டு.

"என்ன வார்த்தை போட்டா இந்தப் பக்கம் வருதுன்னு கேக்கறான் இந்தப் படிவத்துல" என்றார் ஷாஜகான், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு. "உங்க பேரு போட்டேன், வந்துச்சு. ஊரு போட்டேன், வந்துச்சு. பேர்ல பாதி அடிக்கறதுக்குள்ளயே அதுவா மீதியப் போட்டுக் காட்டுதுங்கம்மா. ரொம்பப் பிரபலமாத்தான் இருக்கீங்க." ஆறுச்சாமி அவரை முறைத்தார். "நான் என்ன சார் சொல்லிட்டேன்? எதை ஜனங்க அடிக்கடி பாக்கறாங்களோ அதை மேல கொண்டாந்து வைக்குமாம். எம் பேரன் சொன்னான்." அடிக்கடி பார்ப்பது எவர்? ஏழு ஆண்டுகளாக, நாள் தவறாமல், காலையில் பால் காயும் நேரத்தில், இன்னும் இருக்கிறதா என்று திறந்து பார்க்கிற ஒருத்தியை அவளுக்குத் தெரியும். அந்தச் செய்திக்கு இந்த உலகத்தில் அவளைவிட விசுவாசமான வாசகர் இருக்க முடியாது. பூச்சி பிடித்த இலையை ஒவ்வொரு நாளும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நோயைத் தோட்டம் முழுவதும் பரப்பியவளைப் போல ஆகிவிட்டதோ? நம்ப முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த இயந்திரம் எப்படிச் சிந்திக்கிறது என்பதை ஒருநாள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அவள் வேறு பெயர்களையும் தேடியிருக்கிறாள். சிறையில் ஏழு மாதம் உடனிருந்த கருப்பாயி, மாமியாரை அரிவாள்மணையால் வெட்டியவள். அவள் பெயரைப் போட்டால் ஒரு கோயில் வருகிறது, ஒரு மளிகைக்கடை வருகிறது, கருப்பாயி வரவில்லை. ரெஜினாமேரி, கணவன் சோற்றில் மருந்து வைத்தவள், அவளும் வரவில்லை. குற்றம் பெரியதாக இருந்தும் பெயர் சின்னதாக இருந்தால் தப்பித்துவிடலாம் போலும். முதல் நாள் கருப்பாயி கேட்டாள்: "நீ ஆரைக் கொன்னே?" "யாரையும் கொல்லலை. கவனக்குறைவு" என்றாள் மரகதவல்லி. "அது யாரு, உம் புருசனா?" என்றாள் கருப்பாயி. அறை முழுவதும் சிரித்தது. கவனக்குறைவு. அந்தச் சொல்லை அவள் அன்று முதல் மாற்றவில்லை. நல்ல சொல். எங்கும் இடிக்காத சொல்.

மல்லீஸ்வரி சுவரோரத்து நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தாள். தென்னைநார் ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள். சேலைக் கரையிலும் புருவத்திலும் பழுப்பாக நார்த்தூள் படிந்திருந்தது. நாற்பது வயது இருக்கலாம். அன்று நீதிமன்ற வராந்தாவில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பாவாடை தாவணிப் பெண்ணா இவள்? மூக்கு அதே மூக்கு, அங்கமுத்துவின் மூக்கு. அவன் முகத்தை மறந்துவிட்டோம் என்று மரகதவல்லி நினைத்திருந்தாள், மறக்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. வந்ததிலிருந்து இவள் தன்னை எந்த முறையும் வைத்து அழைக்கவில்லை என்பதைக் கவனித்தாள். வழக்கறிஞரை சார் என்றாள், ஷாஜகானை அண்ணா என்றாள், தன்னைப் பார்க்கும்போது மட்டும் ஏனுங்க என்று பொதுவாக நிறுத்திக்கொண்டாள். அது வெறுப்பா? வெறுப்பாக இருந்தால் வருவானேன்? ஷாஜகான் தொலைபேசியில் ஒரே தடவை கேட்டாராம், மறுவார்த்தை பேசாமல், எந்தக் கிழமை வரட்டுங்க என்றாளாம். பேருந்துச் செலவுகூடக் கேட்கவில்லை. எதற்காக? மனிதர்கள் எதையும் எதற்காகவோதான் செய்கிறார்கள். மரகதவல்லிக்கு அதுதான் இரண்டு நாளாக உறக்கத்திலும் உறுத்தியது, பயத்தைவிடக் கூடுதலாக. மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா, மதம் மாறிவிட்டாளா, அல்லது நேரில் வந்து நாலு வார்த்தை கேட்கக் காத்திருக்கிறாளா? நாலு வார்த்தையென்றால் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு அவள் ஆயத்தமாகவே வந்திருந்தாள்.

ஆறுச்சாமி கடிதத்தை மேசைமேல் வைத்து உரக்கப் படித்தார். என் சகோதரர் அங்கமுத்துவின் மரணம் தொடர்பான பழைய செய்தி இணையத்திலிருந்து நீக்கப்படுவதில் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்பதை மனப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். "புரிஞ்சுதா அம்மிணி? கட்டாயம் ஒண்ணும் கிடையாது. இஷ்டம் இருந்தாப் போடலாம்." மல்லீஸ்வரி பேனாவை வாங்கிக்கொண்டாள். "இஷ்டமென்னங்க சார். நாங்க செய்ய வேண்டியதுதானுங்களே இது." பிறகு மரகதவல்லியின் பக்கம் பாதி திரும்பினாள். "எங்கண்ணன் பண்ணுன தப்புக்கு நீங்க செயிலுக்குப் போனீங்க. எங்கம்மா சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்துச்சு. சீட்டைக் குடுத்துட்டு மறுக்கா எதுக்கு அந்தப் பாவி கம்பத்துல ஏறுனான், ஒரு பொம்பளைப் புள்ளையக் கம்பி எண்ண வெச்சுட்டானேன்னு. ஊருக்குள்ளயும் அதே பேச்சு. குடிச்சுப்போட்டு ஏறிட்டான்னாங்க. எங்கண்ணன் குடிக்கறதில்லீங்க. ஆனா ஏறுனது ஏறுனதுதானுங்களே." "உங்களுக்கு இதை யாரு சொன்னது?" என்று கேட்டது தன் குரல்தான் என்பது சற்றுப் பொறுத்தே மரகதவல்லிக்கு விளங்கியது. "ஃபோர்மேன் வந்து சொன்னாருங்க, காரியத்தன்னிக்கு. ஆபீஸ்ல இருந்தும் சொன்னாங்க. புஸ்தகத்துல அவன் கையெழுத்து இருக்குதுன்னு. கோர்ட்டுல நாங்க வராந்தாவோட சரிங்க, தீர்ப்புல என்ன எழுதுனாங்கன்னு ஆரும் சொல்லல." ஆறுச்சாமி இருமினார். அந்த இருமல் மரகதவல்லிக்கானது. சும்மா இருங்கள் என்று பொருள். சும்மா இருப்பதில் அவளுக்கு இருபத்திரண்டு ஆண்டுப் பயிற்சி உண்டு.

ஆக, நன்றிக்கடன் தீர்க்க வந்திருக்கிறாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ காரணங்களை எண்ணிப் பார்த்தவளுக்கு இது ஒன்று தோன்றவேயில்லை. வெறுப்புக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்த உள்ளத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒருத்தி வந்து அமர்ந்தால், எங்கே வைப்பது? புத்தகத்தில் அவன் கையெழுத்து. அந்தப் பதிவேடு நீல அட்டை போட்டது, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. ஆறு கட்டம்: சீட்டு எண், வழி, வாங்கியவர், நேரம், திருப்பித் தந்தவர், நேரம். பட்டயப் படிப்பு முடித்து அந்த ஆலையின் சுவிட்ச் அறையில் முதன்முதலாக அமர்ந்த பெண் அவள். பத்து ஆண்டுகளில் அந்தப் பதிவேட்டில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு மை சிந்தல் இல்லை, ஒரு கட்டம் காலி இல்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைக் கையிலெடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார். ஆண்களின் பதிவேடு கோழி கிளறியதுபோல் இருக்கும். அதற்காகவே அவளைக் கேலி செய்தார்கள். எல்.சி. போட்டுத் திரும்ப வாங்குவதற்குள் பொழுது விடிந்துவிடும், கோர்ட்டில் வாய்தா வாங்குகிற மாதிரி, என்பார் இராசப்பன். அன்று ஒரே வழியில் இரண்டு கூட்டம்: இராசப்பன் ஆட்கள் மின்மாற்றியில், அங்கமுத்து தனியாகப் பம்ப் அறைக் கம்பத்தில். இரண்டு சீட்டு, இரண்டின் அடிநகலும் கொக்கியில் தொங்கின. மணி நாலு பத்து. இராசப்பன் வந்து தன் சீட்டைத் தந்தார், தன் கட்டத்தில் கையெழுத்திட்டார். "அங்கமுத்து?" என்றாள். "இறங்கியாச்சு அம்மிணி, டீக்கடைல நிக்கறான். உள்ள நூலு அறுந்து முந்நூறு பேரு கையக் கட்டிட்டு நிக்கறாங்க. போடு. கையெழுத்து அப்பறமா வந்து போடுவான்." போடாமல் இருந்தாள். நான்கு நிமிடம் போடாமல் இருந்தாள், அதற்குச் சாட்சி அவளே. பிறகு? பிறகு நடந்ததை அவள் எப்போதும் இந்த இடத்தில் விட்டுவிட்டு, நேராகச் சத்தத்துக்குப் போய்விடுவாள். பம்ப் அறைப் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்ததற்கு, அவர் காலில் ஒரு செருப்பு மட்டுமே இருந்ததற்கு, தண்ணீர்த் தொட்டி அருகே கூடிய கூட்டத்துக்கு. நடுவில் ஒரு நிமிடம் எப்போதும் காணாமல் போகும். பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்த நிமிடம். காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுவது விதிமீறல். அவள் விதியை மீற மாட்டாள். ஆகவே கட்டத்தை நிரப்பினாள். அவன் கையெழுத்தை நாள்தோறும் பார்த்தவள்; முதல் எழுத்தின் வாலை முடிச்சுப் போடுவதுபோல் சுழற்றிவிடுவான்; அவளுக்கு அது நன்றாகவே வந்தது. நிரப்பிய பின்புதான் சுவிட்சைத் தொட்டாள். இதில் வியப்பு என்னவென்றால், அந்த எழுத்தைச் சுழற்றும்போது அவளுக்கு அச்சமே வரவில்லை. பக்கம் நிறைந்த நிறைவுதான் இருந்தது. ஒரு மனிதனைவிட ஒரு கட்டம் எப்படிப் பெரியதாயிற்று? அதை எவரும் அவளிடம் கேட்டதில்லை. நீதிமன்றத்தில் வேறு கேள்விகள்தாம் கேட்டார்கள். கையெழுத்து அங்கமுத்து போட்டதுதான் என்று சத்தியம் செய்து சொன்னாள். கையெழுத்து நிபுணர் அது அவனுடையது இல்லை என்றார். மேல்முறையீட்டிலும் இல்லை என்றார்கள். சிறை வாசலிலும் தான் போட்டதென்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கவனக்குறைவு என்றாள்.

மல்லீஸ்வரி கையெழுத்திடும் இடத்தை விரலால் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லையாம். "இங்கீங்களா? இங்கதானுங்களே?" ஷாஜகான் எழுந்து வந்து விரல் வைத்துக் காட்டினார். பேனா நுனி தாளைத் தொட்டது. பிறகு, போகிற போக்கில் காய்கறி விலை கேட்பதுபோல், தலையை நிமிர்த்தினாள். "ஏனுங்கண்ணா, எங்கண்ணன் பேரையும் அதுல போட்டா வருமுங்களா? என்ற பையன் சொன்னான், எல்லார்த்து பேரும் வரும்னு." ஷாஜகான் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார். "பேட்டரி போயிரும்யா, மொதல்ல கையெழுத்து ஆகட்டும்" என்றார். ஆனால் ஷாஜகானின் இரண்டு விரல்கள் அதற்குள் தட்டத் தொடங்கிவிட்டன. பெயரையும் ஊரையும் கேட்டால் தட்டிவிடுவது அவர் சுபாவம். வேறு அங்கமுத்துகள் வந்தார்கள், ஒரு தையல்காரர், ஒரு ஊராட்சித் துணைத் தலைவர். ஊரையும் ஆலையையும் சேர்த்துப் போட்டபோது ஒன்றே ஒன்று வந்தது. அதே பதினோரு வரி. மரகதவல்லி தன் நாற்காலியிலிருந்தபடியே அதைக் கண்டுகொண்டாள். ஏழு ஆண்டுகள் நாள் தவறாமல் தன் பெயரைத் தேடியவள், ஒரு நாளும் அவன் பெயரைத் தேடவில்லை. இது எப்படித் தோன்றாமல் போயிற்று? அந்தப் பக்கம் தன்னுடையது என்றே நினைத்திருந்தாள், ஒரு வடுவைத் தன்னுடையது என்று நினைப்பதைப்போல. அதில் இன்னொருவன் குடியிருக்கிறான். அவனுக்கு இந்த உலகத்தில் வேறு வீடு இல்லை. "வந்திருச்சுங்களா?" என்றாள் மல்லீஸ்வரி, கண்ணை இடுக்கிக்கொண்டு. "எல்லாம் பொடி எழுத்தா இருக்குது. இதை எடுத்தா எங்கண்ணன் பேரும் போயிருமுங்களா?" "பக்கமே போயிரும் தங்கச்சி" என்றார் ஷாஜகான். "ஓ" என்றாள். பேனாவைத் தாளின்மேல் படுக்கவைத்தாள். "போறதுக்கு முன்னால ஒருக்காப் படிச்சுக் காட்டுங்களேன். என்னதான் எழுதியிருக்கறாங்கன்னு." அவள் பார்த்தது ஷாஜகானை அல்ல, மரகதவல்லியை. "நீங்க டீச்சருங்களாமே. நீங்க படிச்சாத் தெளிவா இருக்கும்."

ஆறுச்சாமியின் கை மேசைக்கடியில் அசைந்தது. யூபிஎஸ்ஸின் பொத்தானைத் தேடியதா, தன் முழங்காலைச் சொறிந்ததா, அவளுக்குத் தெரியாது. மரகதவல்லி எழுந்து கணினியின் முன் வந்து நின்றாள். கண்ணாடி தேவையில்லை, திரையும் தேவையில்லை, அந்தப் பதினோரு வரியையும் அவள் இருட்டிலும் சொல்வாள். தலைப்பு. நூற்பாலை ஊழியர் பலியான வழக்கு: பெண் மேற்பார்வையாளரின் தண்டனை உறுதி. படித்தாள். குரல் வகுப்பறைக் குரலாகவே வந்தது. முதல் வரி, இரண்டாவது வரி, அங்கமுத்து, அடைப்புக்குள் இருபத்து நான்கு. அந்த எண்ணைப் படிக்கும்போது மல்லீஸ்வரியின் உதடு கூடவே அசைந்தது. மூன்று, நான்கு, பம்ப் அறை, மாலை நாலே கால். ஐந்தாவது வரியில் தன் பெயர், தன் வயது, முப்பத்து நான்கு. எவ்வளவு இளையவளாக இருந்திருக்கிறாள், அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. ஆறாவது வரி. ஏழாவது வரி வரப் போகிறது. ஏழாவதைத் தாண்டி எட்டாவதற்குப் போய்விட முடியும். எட்டாவது வரி தண்டனைக் காலத்தைச் சொல்கிறது. ஆறிலிருந்து எட்டுக்குத் தாவினாலும் வாக்கியம் பொருந்தும், தையல் தெரியாது. அவள் அதை இப்போது கண்டுபிடிக்கவில்லை, ஏழு ஆண்டுகளாகக் காலைதோறும் அப்படித்தான் படித்துவந்திருக்கிறாள். பொடி எழுத்துத் தெரியாத கண், கண்ணாடி இல்லாத நாள், அடங்கப் போகும் பேட்டரி. இவ்வளவும் கூடிவருவது அரிது. அந்தப் பிள்ளைகள், முன்வரிசையில் அமர்ந்து, எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற பிள்ளைகள், நாளை மறுநாள் சுவிட்ச் பாடம், யார் நடத்துவார்? நாற்பத்தாறு பேர். ஒரு வரியைத் தாண்டினால் நாற்பத்தாறு பேர். ஒரு கட்டத்தை நிரப்பினால் முந்நூறு பேர். அடடா, இது அதே கணக்கு. அதே ஆள் அதே கணக்கைப் போடுகிறாள், விடையும் அதுவாகவே வருகிறது. இதைத் தன்னிடம் காண்பது அவளுக்கு அருவருப்பாகவும், அதைவிட அதிகமாக, விந்தையாகவும் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவர் இவ்வளவு கொஞ்சமாகவா மாறுவது? "நிறுத்திட்டீங்களே" என்றாள் மல்லீஸ்வரி. மரகதவல்லி ஏழாவது வரியைப் படித்தாள். "மின்தடை அனுமதிச் சீட்டை இறந்தவர் திருப்பி ஒப்படைக்கவில்லை என்பதும், பதிவேட்டில் அவர் பெயரில் காணப்படும் கையொப்பம் அவருடையதன்று என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளன என்று நீதிபதி தம் தீர்ப்பில் குறிப்பிட்டார்." எட்டாவது வரியைத் தொடங்குவதற்குள் யூபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. திரை கறுத்தது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. நாற்பது நிமிடம் என்று எண்ணியிருந்தாள், முப்பத்தொன்பதுதான்.

"மறுக்கா அந்த வரியச் சொல்லுங்க" என்றாள் மல்லீஸ்வரி. திரை இல்லாமலே சொன்னாள். "அப்படீன்னா எங்கண்ணன் சீட்டைக் குடுக்கவே இல்லீங்களா?" "இல்லை." "மறுக்கா ஏறல?" "இறங்கவே இல்லை. முதலில் ஏறியவர் ஏறினபடியே இருந்தார்." "டீச்சர்" என்றார் ஆறுச்சாமி, "இதெல்லாம் இப்ப எதுக்கு? அம்மிணி, அது கோர்ட்டு பாஷை, நாலு விதமா அர்த்தம் பண்ணலாம்." மல்லீஸ்வரி அவர் பக்கம் திரும்பவேயில்லை. "அந்தக் கையெழுத்து ஆரு போட்டது?" தெருவிலிருந்து மீன்காரரின் கூவல் மேலே வந்தது, மறைந்தது. "நான்" என்றாள் மரகதவல்லி. இரண்டு எழுத்து. வெளியே வந்தபின் அது எவ்வளவு சிறியதாக இருக்கிறது, இதையா இத்தனை காலம் இடம் கொடுத்து வைத்திருந்தோம் என்று பார்த்தாள். ஆறுச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். ஷாஜகான், எதையோ தேடுபவர்போல், மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். மல்லீஸ்வரி நெடுநேரம் தன் கையிலிருந்த நார்த்தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அதை எழுதிக் குடுங்க" என்றாள் கடைசியில். "இப்பப் படிச்சதையும், இப்பச் சொன்னதையும். எங்கூர்ல காட்டணும். எங்கம்மா இல்ல. ஆனா சின்னம்மா இருக்குது. குடிகாரன்னு சொன்னவங்க நாலு பேரு இன்னும் உசுரோட இருக்கறாங்க."

ஆறுச்சாமி ஒரு வெள்ளைத் தாளை உருவி மேசைமேல் தள்ளினார். "எழுதறதுன்னா இதுல எழுதுங்க டீச்சர். ஆனா எழுதாதீங்க. உங்க வக்கீலா சொல்றேன்." மரகதவல்லி அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். நல்ல தாள், கனமான தாள். அதில் எழுதிக் கொடுத்துவிட்டு, சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளலாம். இவளிடம் ஒரு தாள் இருந்தால் இணையத்தில் அந்தப் பக்கம் இருக்க வேண்டியதில்லை, கொடுக்கல் வாங்கல் சரியாகப் போகும், இந்தப் பெண்ணும் மறுக்க மாட்டாள் என்றே தோன்றியது. அப்படி எழுதப்பட்ட தாள் ஓர் ஓலைக்கூரைச் செருகலில் எத்தனை மழைக்குத் தாங்கும் என்ற கேள்வியும் கூடவே தோன்றியது. பதினோரு வரி எத்தனை மழைக்குத் தாங்கியிருக்கிறது. அவள் வெள்ளைத் தாளை ஒதுக்கினாள். கையெழுத்தாகாத சம்மதக் கடிதத்தை எடுத்தாள், கவிழ்த்துப் போட்டாள். "அய்யோ, அது கடுதாசிங்க" என்றார் ஷாஜகான். "தெரியும்" என்றாள். கடிதத்தின் முதுகில் ஏழாவது வரியை முழுவதுமாக எழுதினாள், அதன் கீழே, அந்தக் கையொப்பத்தைப் போட்டவள் நான், அங்கமுத்து கம்பத்திலிருந்து இறங்கவில்லை என்று எழுதினாள், தேதி போட்டாள், தன் பெயரை, தன் கையெழுத்தில், முழுவதுமாக இட்டாள். அடித்தல் இல்லை. ஆனால் எழுத்துகள் ஒன்றுபோல் இல்லை, வரி மேலே ஏறியது, இறங்கியது. பத்து ஆண்டுப் பதிவேட்டில் இப்படியொரு கோணல் வரியை அவள் எழுதியதில்லை. அதைத் திருத்தி எழுத வேண்டும் என்று கை ஊறியது. திருத்தவில்லை. ஆறுச்சாமி மெல்லிய குரலில், "மனு அவ்வளவுதான் டீச்சர். மாசக் கடைசில அவங்க பாத்திருவாங்க. தெரிஞ்சுதான பண்றீங்க?" என்றார். "பார்க்கட்டும்" என்றாள். "அதற்கு முன்னால் நான் வகுப்பில் சொல்லிவிடுகிறேன்." அப்படிச் சொல்லப் போகிறோம் என்பது, சொல்லும்வரை அவளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளின் முகம் எப்படி மாறும்? முன்வரிசையில் இருப்பவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வானா, எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவானா? அச்சம் இருந்தது, அதற்கு அருகிலேயே, அதை நேரில் காண வேண்டும் என்ற ஆவலும் இருந்தது.

தாளை மல்லீஸ்வரியிடம் நீட்டினாள். மல்லீஸ்வரி அதைச் சன்னல் வெளிச்சத்தில் கைநீளத்துக்குப் பிடித்து, கண்ணை இடுக்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். அண்ணன் பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது. இப்போது ஏதாவது சொல்வாள் என்று மரகதவல்லி காத்திருந்தாள். தூற்றுவாளா, அழுவாளா, கை ஓங்குவாளா, இதற்கும் நன்றி என்று சொல்லித் தொலைத்துவிடுவாளா. இந்த முகத்துக்குப் பின்னால் இப்போது தான் யாராக இருக்கிறோம் என்று அறிய, வகுப்பறையையும் மாதக் கடைசியையும் மறந்து, அவள் உடம்பே செவியாக நின்றாள். ஒரு முறைப் பெயராவது வைத்து அழைக்கட்டும், அது வசவாக இருந்தாலும் சரி. மல்லீஸ்வரி தாளை நான்காக மடித்தாள். சோற்றுப் பையைத் திறந்து, தூக்குவாளியை நகர்த்தி, அதனடியில் ஈரம் படாத பக்கமாகப் பார்த்து வைத்தாள். மூடிய பேனாவை ஷாஜகானின் கையில் கொடுத்தாள். எழுந்தாள். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைக் காலால் திருப்பி மாட்டிக்கொண்டு, எவர் முகத்தையும் பாராமல், ஒரு சொல்லும் சொல்லாமல், படியிறங்கிப் போய்விட்டாள்.